சென்னை – மதுரை: ஃபிளைட்டில் போனால் நிஜமாக எவ்வளவு நேரம் மிச்சம்?

சென்னையிலிருந்து மதுரைக்கு ஃபிளைட் எவ்வளவு நேரம் என்று தேடினால் ஒன்றேகால் மணி நேரம் என்று வரும். ரயிலுக்குத் தேடினால் ஐந்தரை மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை விதவிதமாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கழித்துப் பார்த்துவிட்டு, நாலு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் என்று டிக்கெட் போடுகிறவர்கள்தான் அதிகம். ஆனால் வீட்டு வாசலில் செருப்பு மாட்டுவதிலிருந்து அந்தப் பக்கத்து வாசலில் செருப்பைக் கழற்றுவது வரை கணக்குப் போட்டால், பெரும்பாலோருக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம். சிலருக்கு இரண்டே முக்கால். பெரம்பூரில் இருந்துகொண்டு திண்டுக்கல்லுக்குப் போகிறவருக்கு அரை மணி நேரம்கூடத் தேறாது. இந்த இரண்டு மணி நேரத்துக்கு எத்தனை ரூபாய் கொடுக்கலாம் என்பதுதான் இங்கே கேள்வி.

முதலில் தூரத்தைப் பேசிவிடலாம். இந்தத் தடத்தில் அதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. மீனம்பாக்கம் விமான நிலையத்திலிருந்து மதுரை பெருங்குடி விமான நிலையத்துக்கு நேர்க்கோடு போட்டால் சுமார் 417 கிலோமீட்டர். அந்தக் கோட்டை வரைபடத்தில் ஸ்கேல் வைத்து இழுத்துப் பாருங்கள். செங்கல்பட்டு, விழுப்புரம், திருச்சி மூன்று ஊர்களும் ஏறக்குறைய அந்தக் கோட்டின் மேலேயே விழும். அதாவது ஃபிளைட் போக வேண்டிய நேர்வழிக்குக் கீழேயே நம் ரயிலும் பஸ்ஸும் ஓடிக்கொண்டிருக்கின்றன. விழுப்புரத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் மட்டும் ரயில் விருத்தாசலம், அரியலூர் என்று கொஞ்சம் கிழக்கே ஒதுங்கும். சாலை பெரம்பலூர் பக்கம் கொஞ்சம் மேற்கே ஒதுங்கும். திருச்சியில் மறுபடி எல்லாரும் ஒன்றுசேர்ந்துவிடுகிறார்கள்.

திருச்சிக்கு அப்புறம்தான் ரயில் விலகுகிறது. மணப்பாறை வழியாகத் திண்டுக்கல்லுக்குப் போய், அங்கிருந்து கொடைரோடு, சோழவந்தான் என்று மதுரைக்கு இறங்குகிறது. சாலை அந்தச் சுற்று சுற்றாமல் விராலிமலை, துவரங்குறிச்சி, மேலூர் என்று போய்விடுகிறது. எழும்பூரிலிருந்து மதுரை ஜங்ஷன் வரை ரயில் தூரம் 493 கிலோமீட்டர். இந்த இரண்டு ஸ்டேஷன்களுக்கும் நேர்க்கோட்டுத் தூரம் சுமார் 420. கூடுதல் எழுபது கிலோமீட்டர் சொச்சம்தான், அதிலும் பாதிக்கு மேல் அந்தத் திண்டுக்கல் சுற்றில் வருவது. மலையோ கடலோ குறுக்கே நிற்கும் ஊர்களுக்குப் பறந்தால் தூரமே பாதியாகக் குறையும். மதுரைக்கு அப்படி எதுவும் குறுக்கே இல்லை. ஃபிளைட்டுக்கு இங்கே இருக்கிற ஒரே சாதகம் வேகம்.

அந்த வேகமும் நாம் நினைக்கிற அளவுக்கு வேலை செய்வதில்லை. இந்தத் தடத்தில் ஏடிஆர் 72 என்ற இறக்கைக் காற்றாடி விமானங்களும் ஓடுகின்றன. மணிக்கு ஐந்நூறு கிலோமீட்டரை ஒட்டிப் போகும். பெரிய ஜெட் எண்ணூறைத் தாண்டும். காகிதத்தில் பார்த்தால் ஜெட்டுக்கு அரை மணி, ஏடிஆருக்கு ஐம்பது நிமிடம். ஆனால் 400 கிலோமீட்டரில் ஜெட் உயரம் ஏறி, வேகம் பிடித்து, 'சீட் பெல்ட்டைக் கழற்றலாம்' என்று விளக்கு அணைவதற்குள் இறங்க ஆரம்பிக்க வேண்டியிருக்கும். அதனால் ஜெட்டில் போனாலும் பத்துப் பதினைந்து நிமிடம்தான் லாபம். டிக்கெட்டில் போட்டிருக்கும் ஒன்றேகால் அல்லது ஒன்றரை மணி நேரம் என்பது வானத்தில் இருக்கும் நேரம் மட்டும் அல்ல. நிறுத்தத்திலிருந்து நகர்ந்து, ஓடுபாதை வரை ஊர்ந்து, முறைக்குக் காத்திருந்து, ஏறி, இறங்கி, மதுரையில் நிறுத்தத்தில் போய் நிற்கும் வரை எல்லாம் அதில் அடக்கம். மீனம்பாக்கத்தில் காலை நேரத்தில் ஓடுபாதைக்குப் போகும் வழியிலேயே நாலைந்து விமானங்கள் வரிசையில் நிற்பதை ஜன்னல் வழியாகவே எண்ணிவிடலாம்.

ஏடிஆரைப் பற்றி ஒரு வார்த்தை. அதைப் பார்த்தாலே முகம் சுளிக்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கும். பின்பக்கக் கதவு வழியாக நாலு படி ஏறினால் உள்ளே. இறக்கை தலைக்கு மேலே இருப்பதால் ஜன்னலுக்குக் கீழே எதுவும் மறைக்காது. ஜெட் அளவுக்கு உயரம் போகாததால், மேகம் இல்லாத நாளில் விழுப்புரம் தாண்டி ஏரிகளையும், அப்புறம் காவிரியும் கொள்ளிடமும் பிரிந்து நடுவில் ஸ்ரீரங்கம் கிடப்பதையும் பார்த்துக்கொண்டே போகலாம். தொல்லை என்னவென்றால் தலைக்கு மேலே உள்ள சாமான் அறை சின்னது. சக்கரம் வைத்த பெட்டி உள்ளே போகாது. ஏறும்போது வாங்கிக் கீழே போட்டுவிடுவார்கள், இறங்கியதும் காத்திருந்து வாங்க வேண்டும்.

இப்போது வாசலிலிருந்து வாசல் வரை. இரண்டு குடும்பங்களை வைத்துப் பார்ப்போம்.

ஒருவர் பெரம்பூர். மதுரையில் போக வேண்டியது அண்ணா நகர். வீட்டிலிருந்து சென்ட்ரல் வந்து மெட்ரோ பிடித்து விமான நிலையம் போக ஒன்றேகால் மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி போடுகிற கவுண்டரை ஃபிளைட் கிளம்ப முக்கால் மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே மூடிவிடுகிறார்கள். போர்டிங் கேட்டும் அரை மணி நேரத்துக்குச் சற்று முன்பின்னாக மூடிவிடும். பாதுகாப்புச் சோதனை வரிசையையும் சேர்த்தால் ஒன்றேகால் மணி நேரம் முன்னால் அங்கே இருந்தாக வேண்டும். ஃபிளைட் ஒரு மணி இருபது நிமிடம். மதுரை விமான நிலையம் சின்னது, அது பெரிய வசதி; பெட்டியை வாங்கிக்கொண்டு வெளியே வர இருபத்தைந்து நிமிடம் போதும். அங்கிருந்து அண்ணா நகருக்கு டாக்ஸியில் நாற்பது நிமிடம். கூட்டினால் ஐந்து மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவு. இதே ஆள் வந்தே பாரத்தில் போனால் எழும்பூருக்கு அரை மணி, பிளாட்பாரத்தில் இருபது நிமிடம், ரயிலில் ஐந்து மணி நாற்பது நிமிடம், ஜங்ஷனிலிருந்து ஆட்டோவில் இருபது நிமிடம். ஆறு மணி ஐம்பது நிமிடம். வித்தியாசம் இரண்டு மணி நேரம்கூட முழுசாக இல்லை.

இன்னொருவர் குரோம்பேட்டை. போக வேண்டியது திருப்பரங்குன்றம். விமான நிலையம் இருபது நிமிடம். காத்திருப்பு, ஃபிளைட், வெளியே வருவது எல்லாம் அதேதான். பெருங்குடியிலிருந்து திருப்பரங்குன்றம் இருபது நிமிடம். மொத்தம் மூன்று மணி நாற்பது. இவர் ரயிலில் போனால் எழும்பூர் போக வேண்டியதில்லை, தாம்பரத்தில் ஏறிக்கொள்ளலாம். ஆனாலும் ஆறு மணி இருபது நிமிடம் ஆகிவிடும். இரண்டு மணி நாற்பது நிமிடம் மிச்சம். ஒரே ஃபிளைட், ஒரே ரயில். வீடு இருக்கும் இடத்தால் மட்டுமே முக்கால் மணி நேர வித்தியாசம்.

ஆகவே சென்னையில் நீங்கள் எங்கே இருக்கிறீர்கள் என்பதை வைத்துத்தான் முதல் முடிவை எடுக்க வேண்டும். கிண்டிக்குத் தெற்கே, அதாவது பரங்கிமலை, பல்லாவரம், குரோம்பேட்டை, வேளச்சேரி ஆட்களுக்கு ஃபிளைட்டை யோசிக்க நியாயம் உண்டு. திருவொற்றியூர், மாதவரம், அம்பத்தூர் ஆட்களுக்கு எழும்பூர்தான் பக்கம். விமான நிலைய மெட்ரோ வந்த பிறகு இந்த இடைவெளி கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. 2016-இல் சின்னமலை வரைக்கும்தான் இருந்தது, இப்போது சென்ட்ரலைத் தாண்டியும் நேராக ஏறி வரலாம், ஐம்பது ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஆனால் மெட்ரோ காலை ஐந்து மணிக்குத்தான் ஆரம்பிக்கிறது. ஆறு, ஆறேகால் ஃபிளைட் பிடிக்கிறவருக்கு அது உதவாது. அந்த நேரத்தில் எலெக்ட்ரிக் ட்ரெயின்தான் கை கொடுக்கும். நாலு மணிவாக்கிலேயே ஓட ஆரம்பித்துவிடும். திரிசூலத்தில் இறங்கினால் எதிரே விமான நிலையம். பெட்டி கனமாக இல்லாவிட்டால் அதைவிடச் சுலபமான வழி கிடையாது. இன்னொன்று, உள்நாட்டு ஃபிளைட்டுகள் ஒன்றாம் முனையம், நாலாம் முனையம் என்று இரண்டு இடத்திலிருந்து கிளம்புகின்றன. டிக்கெட்டில் எது என்று பார்த்துக்கொண்டு போவது நல்லது.

சரி, பகல் நேரத்தை இவ்வளவு நுணுக்கமாகக் கழித்துக் கூட்டிக்கொண்டிருக்கிறோம். மதுரைக்காரர்களிடம் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். அவர்களுக்குப் பாண்டியன் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ராத்திரி ஒன்பதே முக்காலை ஒட்டி எழும்பூரில் கிளம்பி, விடியற்காலை ஐந்தரை மணிவாக்கில் மதுரையில் இறக்கிவிடும். எட்டு மணி நேரப் பயணம்தான், ஆனால் அதில் ஏழு மணி நேரம் எப்படியும் தூங்கப்போகிற நேரம். பகலில் ஒரு நிமிடம்கூட அதற்குச் செலவாகவில்லை. ஆபீஸ் முடிந்து, வீட்டில் சாப்பிட்டு, ரயில் ஏறி, காலையில் குளித்து முகூர்த்தத்துக்கு நிற்கலாம். முதல் ஃபிளைட்டில் போகிறவர் அதே முகூர்த்தத்துக்கு மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டும், அப்படியும் ஏழரை, எட்டு மணிக்குத்தான் மதுரை. 'ஃபிளைட் வேகம்' என்கிற பேச்செல்லாம் இந்த ஒரு ரயில் முன்னால் கொஞ்சம் தடுமாறிவிடுகிறது. ரயிலில் தூக்கம் வராதவர்கள் மட்டும் இந்தப் பத்தியை விட்டுவிடலாம்.

பகல் ரயில்களில் வைகையைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. 1977 ஆகஸ்ட் 15-இல் மீட்டர் கேஜ் பாதையில் ஆரம்பித்த ரயில் அது. அப்போதே ஏழு மணி நேரச் சொச்சத்தில் ஊரைச் சேர்த்தது என்பது பெரிய சாதனை. பாதை அகலமாகி, மின்சாரம் வந்து, இரட்டைத் தடமும் ஆன பிறகும் இன்றைய வைகை ஏழு மணி நேரத்துக்குக் குறையவில்லை. நிறுத்தங்கள் கூடியது ஒரு காரணம், வேகமான ரயில்களுக்கு வழிவிட்டு நிற்பது இன்னொன்று. அந்த வேகமான ரயில்கள் என்று பார்த்தால், 2019 மார்ச்சில் வந்த தேஜஸ் ஆறேகால் மணி நேரம். அதற்குப் பிறகு 2023 செப்டம்பரில் திருநெல்வேலி வந்தே பாரத், 2024 ஆகஸ்ட் கடைசியில் நாகர்கோவில் வந்தே பாரத். இரண்டும் மதுரைக்கு ஐந்தே முக்கால் மணி நேரத்தை ஒட்டி. நாகர்கோவில் வண்டி எழும்பூரில் காலை ஐந்து மணிக்கு, திருநெல்வேலி வண்டி மதியம் இரண்டே முக்காலை ஒட்டி. ஒவ்வொன்றும் வாரத்தில் ஒரு நாள் ஓடாது. நேரமும் அவ்வப்போது ஐந்து பத்து நிமிடம் மாறும், டிக்கெட் போடும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

காலை ஐந்து மணி வண்டியில் ஒரு வசதி பலருக்குத் தெரியாது. பத்தரை மணி தாண்டி மதுரையில் இறங்கினால், அதே வகை வண்டி நாகர்கோவிலிலிருந்து திரும்பி மாலை ஐந்து மணிவாக்கில் மதுரை வருகிறது. நடுவில் ஆறு மணி நேரத்துக்கு மேல் கிடைக்கும். ஐகோர்ட் கிளையில் ஒரு வேலை, பத்திரப்பதிவு, ஆஸ்பத்திரியில் யாரையாவது பார்ப்பது என்று ஒரு நாள் வேலைக்குத் தாராளம். ராத்திரி பதினோரு மணிக்கு எழும்பூர். ஆனால் மெட்ரோவும் அந்த நேரத்தோடு கடையைக் கட்டிவிடும், ஆட்டோக்காரர் கேட்பதைக் கொடுத்துவிட்டு வீடு போய்ச் சேரவேண்டியதுதான். தெற்குப் பக்கம் இருப்பவர்கள் அரை மணி முன்னதாகவே தாம்பரத்தில் இறங்கிவிடலாம்.

காசுக் கணக்குக்கு வருவோம். பாண்டியனில் ஸ்லீப்பர் முந்நூறு ரூபாய்ச் சொச்சம். வந்தே பாரத் சேர் காரில் சாப்பாட்டோடு ஆயிரத்துச் சொச்சம். ஃபிளைட், முன்கூட்டியே போட்டால் மூவாயிரத்தை ஒட்டி, கடைசி நேரத்தில் ஐயாயிரம் ஆறாயிரம், தீபாவளி பொங்கலுக்குப் பத்தாயிரத்தைத் தாண்டிவிடும். இரண்டு பக்கத்து டாக்ஸியையும் சேர்த்து நாலாயிரத்து ஐந்நூறு என்று வைத்துக்கொண்டு, வந்தே பாரத்தின் செலவைக் கழித்தால் மூவாயிரத்துச் சொச்சம் கூடுதல். பெரம்பூர்க்காரருக்கு மிச்சமாகும் ஒரு மணி நேரத்தின் விலை ஆயிரத்து அறுநூறு ரூபாய்க்கு மேல். குரோம்பேட்டைக்காரருக்கு டாக்ஸி செலவும் குறைவு, நேரமும் அதிகம் மிச்சம்; ஆயிரத்து நூறு ரூபாய் அளவில் முடிந்துவிடும். கம்பெனி கொடுக்கிற காசு என்றால் இந்தக் கணக்கே வேண்டாம். சொந்தக் காசில் நாலு பேராகப் போகிறவர்கள் மட்டும் நாலால் பெருக்கிப் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும்.

நாலு பேர் என்றால் கார் நினைவுக்கு வரும். சாலை வழியே 450 கிலோமீட்டரை ஒட்டி. லிட்டருக்குப் பதினைந்து ஓடும் வண்டிக்கு முப்பது லிட்டர், மூவாயிரம் ரூபாய். பரனூர், ஆத்தூர், விக்கிரவாண்டி, செங்குறிச்சி, திருமாந்துறை, சமயபுரம், பூதக்குடி, சிட்டம்பட்டி என்று டோல் வரிசையாக வரும். அதையும் சேர்த்தாலும் ஒரு ஆளின் ஃபிளைட் செலவில் நாலு பேரும் போய்விடலாம். சாப்பிட, டீ குடிக்க நிறுத்தினால் ஏழரை, எட்டு மணி நேரம். ஊரில் போய் நாலு சொந்தக்காரர் வீடு, இரண்டு கோயில் என்று சுற்ற வேண்டியிருந்தால் கார்தான் சரி. ஒரே ஆள் ஓட்டுவதாக இருந்தால் மட்டும் சாப்பாட்டுக்குப் பிறகு உளுந்தூர்பேட்டை தாண்டி நீளமாக, நேராகப் போகும் அந்தச் சாலை கண்ணைச் சொருக வைத்துவிடும், கவனம்.

பஸ்ஸைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 2023 டிசம்பர் கடைசியில் கிளாம்பாக்கம் பஸ் ஸ்டாண்ட் திறந்த பிறகு கணக்கே மாறிவிட்டது. தாம்பரம், கூடுவாஞ்சேரி ஆட்களுக்கு லாபம். வடசென்னையிலிருந்து கிளாம்பாக்கம் போகவே ஒன்றரை மணி நேரம் ஆகிறது என்றால், அப்புறம் எட்டு மணி நேரம் பஸ்ஸில் உட்கார்வதற்கு வேறு வழி எதுவும் கிடைக்கவில்லை என்றுதான் அர்த்தம்.

ஆனால் ஒரே ஒரு சந்தர்ப்பத்தில் பஸ்ஸும் காரும் எல்லாவற்றையும் ஜெயித்துவிடும். ஊரில் துஷ்டி என்று ராத்திரி பதினோரு மணிக்குப் போன் வருகிறது. 'எடுக்கிறதுக்குள்ள வந்துருவீங்களா' என்று கேட்கிறார்கள். அந்த நேரத்தில் பாண்டியன் செங்கல்பட்டைத் தாண்டிப் போயிருக்கும். காலை முதல் ஃபிளைட் ஆறு மணிக்கு மேல், டிக்கெட் இருந்தால். மதுரையில் வெளியே வர ஏழரை தாண்டும். பதினொன்றரைக்குக் காரை எடுத்தால் விடியற்காலை ஆறரை, ஏழு மணிக்கு மதுரையில் இருக்கலாம். குடும்பத்தோடு, ஒரே வண்டியில், யாருக்கும் டிக்கெட் தேடாமல். இதே போன் காலை பத்து மணிக்கு வந்தால் நிலைமை வேறு: மதியத்துக்குள் கிளம்பும் ஃபிளைட்டில் ஒரு சீட்டாவது இருக்கிறதா என்று பார்த்து, மூத்த மகனை மட்டும் முதலில் அனுப்பிவிட்டு மற்றவர்கள் காரில் போவதுதான் வழக்கமாக நடக்கிறது. அப்போது ஐயாயிரமா ஏழாயிரமா என்று யாரும் பார்ப்பதில்லை, பார்க்கவும் வேண்டாம்.

மதுரை என்று பொதுவாகச் சொன்னாலும் பலர் போவது மதுரைக்கு அல்ல. இங்கேதான் ஃபிளைட் சிலருக்கு நன்றாக ஒத்துவரும், சிலரை ஏமாற்றும். விமான நிலையம் ஊருக்குத் தெற்கே, ரிங் ரோட்டை ஒட்டி இருக்கிறது. விருதுநகர், அருப்புக்கோட்டை, சிவகாசி ஆட்களுக்கு மதுரை நெரிசலுக்குள் நுழையாமலே அப்படியே ஊர்ப்பக்கம் திரும்பிவிடலாம். அவர்களுக்கு நான் ஃபிளைட்டையே சொல்வேன். திண்டுக்கல், வத்தலகுண்டு, பெரியகுளம், கொடைக்கானல் ஆட்களுக்கு நேர் எதிர். ரயிலில் வந்தால் மதுரைக்கு முக்கால் மணி நேரம் முன்பே திண்டுக்கல்லில் இறங்கிவிடலாம். ஃபிளைட் அவர்களை ஊரைத் தாண்டித் தெற்கே கொண்டுபோய் இறக்கி, வந்த வழியே எழுபது கிலோமீட்டர் வடக்கே திரும்பி வரச் சொல்லும். திண்டுக்கல்லுக்கு ஃபிளைட்டில் போகிறவரைக் கண்டால் தடுத்து நிறுத்துங்கள்.

மேலூர்க்காரர்களுக்குப் பஸ்ஸே வாசலில் இறக்கிவிடும். காரைக்குடிக்குப் பல்லவன் எக்ஸ்பிரஸ் நேராகப் போகிறது, மதுரை வழியே சுற்றவே வேண்டாம். தேனி, போடி ஆட்களுக்கு 2023-லிருந்து சென்ட்ரலிலிருந்து வாரத்தில் மூன்று நாள் போடிநாயக்கனூர் வரை ரயில் இருக்கிறது. காட்பாடி, சேலம் என்று சுற்றிக்கொண்டு போவதால் நேரம் கூடுதல், ஆனால் மூட்டை முடிச்சோடு இடையில் மாற வேண்டியதில்லை. தூத்துக்குடியின் கதை வேறு. அங்கே வந்தே பாரத் கிடையாது, முத்துநகர் எக்ஸ்பிரஸ் பதினோரு மணி நேரத்தை ஒட்டி எடுத்துக்கொள்ளும். நேர்க்கோட்டில் 530 கிலோமீட்டர் அளவு, ஃபிளைட்டில் ஒன்றரை மணி நேரம். பகலில் போயே ஆக வேண்டும் என்றால் மதுரைக்குச் சொன்ன தயக்கம் எதுவும் அங்கே தேவையில்லை.

தாமதம் என்று பார்த்தால் யாரும் சுத்தம் இல்லை. சின்ன விமானங்கள் ஒரே நாளில் பல ஊர்களுக்குப் போய்ப் போய் வருகிறவை. காலையில் எங்கோ அரை மணி நேரம் தாமதமானால் அது நாள் முழுக்கக் கூடவே வந்து சாயங்கால ஃபிளைட்டில் வந்து நிற்கும். ஃபிளைட்தான் என்று முடிவு செய்தால் காலை வண்டியாகப் போடுங்கள். போகிப் பண்டிகையன்று மட்டும் காலை ஃபிளைட் வேண்டவே வேண்டாம். டயரும் பழம்பாயும் எரிகிற புகையில் ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் திரும்பிப் போன வருடங்கள் உண்டு. ஐப்பசி, கார்த்திகையில் புயல் வந்தால் எல்லாமே நின்றுவிடும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனம்பாக்கம் நாட்கணக்கில் மூடிக்கிடந்தது. 2023-இல் மிக்ஜாம் வந்தபோதும், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் வந்தபோதும் ஓடுபாதையை மூடினார்கள். ஃபெஞ்சலின்போது, டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தில் தண்ணீர் ஏறி ரயில்களையும் நிறுத்தினார்கள், அதே பக்கத்தில் அரசூரில் நெடுஞ்சாலையும் மூழ்கியது. முன்னே சொன்ன கதைதான்: மூன்று வழியும் ஒரே கோட்டில் இருப்பதால், விழுப்புரத்தில் வானம் பிளந்தால் எல்லாருக்கும்தான்.

வயதானவர்களை அழைத்துப் போவது தனிக் கணக்கு. முட்டி வலி உள்ள அம்மாவுக்கு எழும்பூர் பிளாட்பாரத்தில் பெட்டி தேடி நடப்பதைவிட விமான நிலையம் சுகம். டிக்கெட் போடும்போதே வீல்சேர் கேட்டுவிட்டால் வாசலிலிருந்து இருக்கை வரை ஆள் தள்ளிக்கொண்டு போவார், சோதனை வரிசையிலும் நிற்க வேண்டியதில்லை. ஆனால் அடிக்கடி பாத்ரூம் போக வேண்டியிருக்கும் அப்பாவுக்கு நீட்டி நிமிர்ந்து உட்காரவும், எழுந்து நடக்கவும் ரயில்தான் வசதி. இந்த விஷயத்தில் பஸ்ஸைப் பேசவே வேண்டாம்.

சாமானும் அப்படித்தான். ஃபிளைட்டில் சாதாரணமாகப் பதினைந்து கிலோ பெட்டி, கையில் ஏழு கிலோ. சென்னைக்குத் திரும்பும்போது மாமியார் கட்டிக் கொடுக்கிற அரிசி, உளுந்து, நல்லெண்ணெய் டின் எல்லாம் இதற்குள் அடங்காது. மிளகாய் ஊறுகாய் ஜாடியைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்து வெளியே வைத்துவிடுவார்கள், அங்கே நின்று கெஞ்சிப் பிரயோஜனம் இல்லை. மல்லிகைப்பூ மட்டும் எதிலும் வரும்.

பண்டிகைக்கு டிக்கெட் போடுகிற விதம் கொஞ்சம் யோசித்துச் செய்ய வேண்டியது. ரயில் முன்பதிவு 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைந்தது 2024 நவம்பரில். அறுபதாம் நாள் காலை எட்டு மணிக்கு உட்காராதவர்களுக்குத் தீபாவளிப் பாண்டியன் கிடையாது, சில நிமிடங்களில் வெயிட்டிங் லிஸ்ட்டுக்குப் போய்விடும். அதற்காக உடனே பத்தாயிரம் ரூபாய் ஃபிளைட்டுக்குத் தாவ வேண்டாம். வெயிட்டிங் லிஸ்ட் சின்ன எண்ணாக இருந்தால் ஆன்லைனில் அதைப் போட்டு வைத்துவிடுங்கள்; கடைசி வரை உறுதியாகாவிட்டால் சின்னப் பிடித்தத்தோடு பணம் தானாகவே திரும்பிவிடும். அந்த டிக்கெட்டை வைத்துக்கொண்டு ரிசர்வேஷன் பெட்டியில் மட்டும் ஏற முடியாது. இடையில் சிறப்பு ரயில்கள் அறிவிப்பார்கள், கிளம்புவதற்கு முந்தின நாள் தட்கலும் இருக்கிறது: ஏசிக்குக் காலை பத்து, ஸ்லீப்பருக்குப் பதினொன்று. அதுவும் கைவிட்டால், பண்டிகைக்கு முந்தின நாள் சாயங்கால ஃபிளைட்டைப் பார்க்காமல், பண்டிகையன்றே காலையில் கிளம்பும் ஃபிளைட்டைப் பாருங்கள். எல்லாரும் முந்தின நாளே ஊர் போய்ச் சேர்ந்திருப்பார்கள், விலை இறங்கியிருக்க வாய்ப்பு உண்டு. எண்ணெய்க் குளியல் மட்டும் சென்னையிலேயே முடித்துக்கொண்டு கிளம்ப வேண்டியிருக்கும்.